கடிதக் கரையில் சின்னவன்

பாரிஸ் லா சப்பலில் சரக்குத்தூள் விற்கும் கடைகளைத் தாண்டும்போது எனக்குப் பசி வருவதில்லை, கடிதம் வரும். சிரிக்காதீர்கள். அந்த நாட்களில் எங்களுக்கு ஊர்க் கடிதங்கள் மணியண்ணையின் பலசரக்குக் கடை விலாசத்துக்குத்தான் வந்தன. அவர் அவற்றைத் தூள் பைகளுக்குப் பின்னால் செருகி வைப்பார். நீல ஏரோகிராமைப் பிரித்தால் முதலில் தும்மல், பிறகுதான் அம்மா.

போன சனிக்கிழமை மகனும் மருமகளும் லண்டனிலிருந்து வந்தார்கள். கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கியவர்களை அந்தத் தெரு வழியாகத்தான் கூட்டிப்போனேன். மருமகளின் பெயர் மெகன். வேல்ஸ்காரி. மகன் சொல்லிக்கொடுத்தபடி என்னை "மாமா" என்பாள், மற்றதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சில். மணியண்ணையின் கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். அந்தக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று தூள் பைக் கதையைச் சொன்னேன். அவள் உடனே கேட்டாள், அந்தக் கடிதங்கள் இன்னும் இருக்கின்றனவா என்று.

அவளுக்கு இது ஒரு பைத்தியம். தன் வம்சத்தை வேரோடு தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவர்கள் நாட்டில் பத்து வருடத்துக்கொருமுறை குடிசனக் கணக்கு எடுப்பார்களாம். குறித்த ஓர் இரவில் அந்த வீட்டில் யார் யார் படுத்திருந்தார்கள், என்ன தொழில், என்ன பாஷை, எல்லாம் அதில் இருக்குமாம். கல்லுச் சுரங்கத்தில் வேலை செய்த பாட்டன் ஒருவரை அப்படித்தான் பிடித்தாள். ஒரு கணக்கில் இருக்கிற பிள்ளை அடுத்ததில் இல்லையென்றால் இடையில் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தமாம். ஆர்.ஈ.ஆர். ரயிலில் அவள் இதைச் சொன்னபோது நான் சும்மா தலையாட்டினேன். அவள் பக்கத்துக் கதைதானே என்று நினைத்துக்கொண்டேன்.

சார்செலில் எங்கள் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே சூட்கேஸ் இருக்கிறது. திறந்ததும் பூச்சி உருண்டை மணத்தது. அதையும் மீறி, சத்தியமாகச் சொல்கிறேன், தூளும் மணத்தது.

அந்தக் காலத்து அறையைப் பற்றிச் சொல்லாமல் கடிதத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. லா சப்பலில் லிப்ட் இல்லாத கட்டடத்தின் உச்சியில், மெத்தைக்கு மெத்தை இடைவெளி இல்லாமல் படுத்திருந்தோம். எல்லோருக்கும் உணவகங்களில் கோப்பை கழுவும் வேலை, ஒருவருக்கும் ஒழுங்கான வதிவிடக் காட் இல்லை. ஒருவருக்கு வந்த கடிதம் எல்லோருக்கும் வந்த கடிதம். சத்தமாக வாசிக்கவேண்டும் என்பது அறையின் சட்டம். என் கடிதத்துக்குத்தான் கூட்டம் அதிகம், அம்மாவுக்காக அல்ல, என் தம்பிக்காக. அவனை வீட்டில் சின்னவன் என்போம். பள்ளிக்கூடத்தில் ஏ.எல். வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். அம்மா இடம் விடாமல் எழுதி முடித்தபிறகு மிஞ்சுகிற கரையில், கடிதத்தைச் சுற்றிச் சுற்றித் தன் பகிடிகளை எழுதுவான். நாங்களும் கார் ஓட்டுகிறவர்கள் மாதிரிக் கடிதத்தைத் திருப்பித் திருப்பி வாசிப்போம்.

ஒருமுறை எழுதியிருந்தான்: "அண்ணை, ஈபிள் கோபுரத்துக்குக் கீழை நிண்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. இல்லாட்டி நீங்கள் பாரிசிலை நிக்கிறியள் எண்டதை நான் நம்பமாட்டன்."

அறையில் ராசனிடம்தான் நல்ல கோட்டு இருந்தது. ராசன் நல்ல உயரம், நான் இப்போதிருக்கிற அளவுதான். கை விரல்கள் கோட்டுக்குள் காணாமல் போயிருக்க, கோபுரத்துக்குக் கீழே மந்திரி மாதிரி நின்றேன். படம் போய்ப் பல மாதங்களுக்குப் பிறகு கரையில் பதில் வந்தது: "படம் கிடைச்சது அண்ணை. கோட்டு வடிவாய் நிக்குது. உள்ளுக்கை ஆரும் இருக்கினமோ?" ராசன் அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு குளிர்காலத்தைக் கடத்தினான்.

பிறகு எனக்குக் காட் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் அக்கா தொலைபேசியில் சொன்னாள். ரியூசனுக்குச் சைக்கிளில் போன சின்னவனைக் காணவில்லை, போன மாதத்திலிருந்து தேடுகிறோம் என்று. அவன் வரவே இல்லை. அம்மா அவனுக்குத் திவசம் செய்ய விடாமலே செத்துப்போனா. எனக்கு ஒரேயொரு ஆறுதல் மிஞ்சியிருந்தது. அவன் கேட்டது அந்த ஒரு படம், அதைப் பார்த்தான், பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடமும் இருந்தேன்.

மெகன் கடிதங்களை மேசையில் தேதிப்படி பரப்பினாள். அவளுக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. அவளுடைய பாட்டன் வீட்டுக் கடிதங்கள் வெல்ஷ் பாஷையிலாம், அதுவும் அவளுக்குத் தெரியாதாம். அதனால் எழுதினவர்களின் கையெழுத்தைப் பார்த்துத்தான் முதலில் பிரித்து வைப்பாளாம். கரையில் எழுதினது யார் என்று கேட்டாள். என் தம்பி, இடக்கையன் என்றேன். ஓம், மை இழுபட்டிருக்கிறதே என்றாள். எழுதின வரிக்கு மேலேயே அவன் கை போகும். ஒவ்வொரு கடிதத்திலும் கரை முழுக்க நீலமாக அப்பியிருந்தது. பிறகு ஒரு கடிதத்தில் விரலை வைத்தாள். இதிலிருந்து எழுதினது வேறு ஆள் என்றாள்.

எழுத்து அச்சொட்டாக அவனுடையதுதான். சுழி அவன் சுழி, கொம்பு அவன் கொம்பு. ஆனால் கரை சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த எல்லாக் கடிதங்களிலும் சுத்தமாக இருந்தது. கோட்டுப் பகிடி எழுதின கடிதம் அந்தச் சுத்தமான கடிதங்களோடு கிடந்தது.

நான் அவற்றை எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன். ஒருநாளும் பார்க்கவில்லை.

அக்கா யாழ்ப்பாணத்தில் தனியாக இருக்கிறாள். உடனே அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அக்கா, கடிதக் கரையிலை கடைசியாய் எழுதினது சின்னவன் இல்லையோ?"

 

"ஆர் சொன்னது?"

"மருமகள்."

"அவளுக்குத் தமிழ் தெரியாதெல்லோ?"

"ஓம்."

அக்கா அழத் தொடங்கினாள். "உனக்கு அப்ப காட்டும் இல்லை, ஒண்டும் இல்லை. வரவும் ஏலாது. அங்கை தனிய இருந்து பிள்ளை என்ன செய்வான், சொல்லாதை எண்டு அம்மா சொல்லிப்போட்டா. கரையை வெறுமையாய் விட்டால் நீ கேப்பாய்தானே, தம்பி."

"அந்தக் கோட்டுப் பகிடி?"

"அவன் இருந்திருந்தால் அப்பிடித்தான் எழுதியிருப்பான் எண்டு எழுதினனான். அப்பிடி எழுதேக்கை அவன் வீட்டிலை நிக்கிறமாதிரி இருந்தது."

அவளோடு எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நல்லது. எதையாவது பிடித்திருக்கலாம்.

"அப்ப படம்?"

"அவன்ரை மேசையிலை வச்சது. இடம்பெயரேக்கை நான் எடுத்தனான். அம்மா விடேல்லை. அங்கையே கிடக்கட்டும், அவன் வந்தால் பாப்பான் எண்டா."

மகன் வந்து என் தோளில் கை வைத்தான். மெகன் தன் வம்ச மரத்தில் சின்னவனுக்கென்று கட்டம் போட்டுப் பெயரை எழுதியிருந்தாள், பக்கத்தில் தேதி ஒன்றும் எழுதவில்லை. என்னைக் கேட்கவும் இல்லை. கடிதங்களை ஒவ்வொன்றாக மடித்து, எப்படி இருந்தனவோ அப்படியே அடுக்கி வைத்தாள்.

நீல ஏரோகிராம் இப்போது ஒருவரும் எழுதுவதில்லை. மணியண்ணையின் கடை இல்லை. ராசன் போன வருடம் வில்லியே லே பெல்லில் செத்துப்போனான், கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும் "உள்ளுக்கை ஆரும் இருக்கினமோ?" என்றுதான் என்னைக் கேட்டான். ஊரில் அந்த வீடு அத்திவாரத்தோடு போய்விட்டது, மேசையும் அதிலிருந்த படமும் அதோடு போய்விட்டன. அதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. சின்னவன் என் படத்தைப் பார்த்துச் சிரித்தான் என்ற ஒன்று மட்டும் போன சனிக்கிழமை வரைக்கும் இருந்தது.