நாற்பத்திரண்டு பாவாடைகளின் வெட்டு மிச்சம்

என் தையல் வகுப்பில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது ஊசியில் நூல் கோப்பதை அல்ல. பிறர் துணியை வெட்டினால் மிஞ்சுகிற துண்டை என்ன செய்ய வேண்டும் என்பதை. சுருட்டி, நூலால் கட்டி, தைத்த உடுப்புக்குள் வைத்துக் கொடுத்துவிட வேண்டும். ஒரு விரல் அகலத் துண்டானாலும் சரி. பெண்கள் சிரிப்பார்கள். நான் காரணம் சொல்வதில்லை. நாலு பேர் முன்னால் நின்று கதை சொல்ல எனக்கு வராது. எழுதும்போது எதிரே யாரும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் பள்ளியில் எட்டாவது வரைதான் படித்தேன். பிறகு புதுக்கோட்டை டவுனில் தையல் கற்றுச் சான்றிதழ் வாங்கினேன். சமஸ்தானம் முடிந்து நாங்கள் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தபோது, கீரமங்கலத்துப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் தையல் டீச்சராக இருந்தேன். ஆசிரியர் அறையில் கதவோரத்து நாற்காலி என்னுடையது. கூட்டங்களில் யாரும் என்னிடம் கருத்துக் கேட்டதில்லை. கேட்டுவிடுவார்களோ என்று நான் பயந்ததுண்டு.

பள்ளியில் பெண்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் எஸ்.எஸ்.எல்.சி. தேறுகிறவர்கள் இன்னும் குறைவு. தேறாதவர்கள் கையிலும் ஒரு தொழில் இருக்கட்டும் என்று தலைமையாசிரியர் நினைத்தார். அதனால் தையல் வகுப்புக்கு இரண்டு மிஷின் வந்தது. அரசாங்கத் தையல் பரீட்சைக்குப் பெண்களை அனுப்பத் தொடங்கினோம். அந்த வருஷம் ஆறு பேர். அதில் ஒருத்தி வண்டிக்காரர் மகள். வாழைத்தாரும் வெற்றிலையும் ஏற்றிச் சந்தைக்கு வண்டி ஓட்டுகிறவர் அவள் அப்பா. கணக்குப் பாடத்தில் தான் தேறப்போவதில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள். ஆனால் துணிமேல் கத்தரிக்கோலை வைத்தால் அவள் கை நடுங்காது. எனக்கே நடுங்கும்.

மூன்று மைல் தள்ளி இருந்த ஒரு ஊரில் புதிதாக மாதர் சங்கம் ஆரம்பித்திருந்தார்கள். பிளாக் ஆபீசிலிருந்து சங்கத்துக்குத் தையல் மிஷின் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. மிஷின்மேல் சாக்கைப் போர்த்தி வைத்திருந்தார்கள். அந்த ஊர் ஆரம்பப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே நிறத்தில் பாவாடை போட வேண்டும் என்று ஊரார் முடிவு செய்தபோது, தைக்கும் வேலை எங்கள் பள்ளிக்கு வந்தது. வேலை நன்றாக அமைந்தால், படிப்பு முடிந்ததும் வண்டிக்காரர் மகளையே சங்கத்தில் தையல் சொல்லிக் கொடுக்க வைத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பள்ளி ஆசிரியர் எங்கள் தலைமையாசிரியரிடம் பேசி வைத்திருந்தார். ஊர்ப் பெண்களுக்கு அவளைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அவளுக்கு இது தெரியும். அதனால் அளவெடுக்கப் போன அன்றே புதிதாக நூல் வாங்கிக் கட்டிய அளவு நோட்டோடு வந்தாள்.

பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேர். ஆளுக்கு இரண்டு கஜம் கருநீலத் துணி, ஊரில் வசதியானவர் ஒருவர் வாங்கிக் கொடுத்தது. அவர் அதைப் பிள்ளைகளின் ஆத்தாமார்கள் கையில் கொடுக்க, அவர்கள் எங்களிடம் கொடுத்தார்கள். ஒவ்வொருத்தியும் முழங்கையை நீட்டி நாலு முழம் போட்டுப் பார்த்த பிறகுதான் கொடுத்தாள். மாதர் சங்கத் தலைவி இரண்டு தடவை முழம் போட்டார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் வீட்டு அம்மாள் அவர். கனத்த குரல். பேத்திக்காகத் துணி கொடுத்தார். கொடுக்கும்போது வண்டிக்காரர் மகளிடம், “பாத்து வெட்டு தாயி, வெட்டுன துணி ஒட்டாது” என்றார்.

மூன்று பிள்ளைகளுக்கு ஒரே பெயராக இருந்ததால், பெயர் வேண்டாம், நம்பர் போட்டுக்கொள்கிறேன் என்றாள் வண்டிக்காரர் மகள். இடுப்புப் பட்டையின் உள்பக்கம் சிவப்பு நூலால் ஒவ்வொன்றுக்கும் நம்பர் தைத்தாள். வெட்டியதெல்லாம் அவள்தான். மற்ற ஐந்து பேரும் தைத்தார்கள்.

அளவு சொன்னது நான். பரீட்சைப் புத்தகத்தில் உள்ளபடி, கணுக்காலுக்கு மேல் நாலு விரல், கீழே மடித்துத் தைக்க இரண்டு அங்குலம். அப்படி வெட்டியதில், சின்னப் பிள்ளைகளுடைய துணியில் ஒரு முழத்துக்கு மேலும் வளர்ந்தவர்களுடையதில் ஒரு சாணும் மிஞ்சியது. அதை என்ன செய்வது என்று அவள் கேட்டாள்.

“அவங்கவங்களுக்கே குடுத்துரலாமாங்க டீச்சர்?”

துண்டுத் துணியை யார் கேட்கப் போகிறார்கள், சாக்கில் போட்டு பீரோவில் வை, பரீட்சை நோட்டுக்கு மாதிரி தைக்க ஆகும் என்றேன். நான் தையல் கற்ற இடத்தில் துணி பள்ளிக்கூடத்துடையது. மிச்சமெல்லாம் பீரோவுக்குத்தான் போகும். நான் அறிந்த வழக்கம் அது ஒன்றுதான். அவள் துண்டுகளை அள்ளிக்கொண்டு போனாள். சாக்கை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. பரீட்சைக்கு மாதிரி வேண்டியிருந்தபோது, மேலாகக் கிடப்பதில் மூன்றை எடுத்துப் பொத்தான் துளையும் ஒட்டும் போடுங்கள் என்று பெண்களிடம் சொன்னேன்.

பாவாடைகளைக் கொடுக்கும் நாள் வந்தது. பிள்ளைகள் உடுத்திக்கொண்டு அந்த ஊர்ப் பள்ளி வாசலில் வரிசையாக நின்றார்கள். ஒன்றுகூடத் தரையில் புரளவில்லை. ஒன்றுகூட இடுப்பில் சுருட்டிச் செருகப்படவில்லை. எனக்கு அழகாக இருந்தது. சங்கத் தலைவி பேத்தியைக் கூப்பிட்டுப் பாவாடையின் அடியைத் திருப்பிப் பார்த்தார்.

“டக்கு எங்க?”

டக்கு என்பது பாவாடையின் நடுவே உள்ளுக்கு மடித்துத் தைக்கும் மடிப்பு. பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவார்கள். நானும் சிறு வயதில் இரண்டு டக்கு வைத்த பாவாடைதான் கட்டியிருக்கிறேன். புத்தகத்தைப் பார்த்தபோது அது எனக்கு மறந்துபோனது.

“வளர்ற புள்ளைக்கு அளந்து தச்சிருக்கீங்க. அடுத்த தைக்கு முழங்காலுக்கு வந்துரும்” என்றார். அது நியாயமான குறை. அங்கேயே நின்றிருந்தால் பரவாயில்லை. அவர் பாவாடையின் நீளத்தைக் கையால் அளந்தார், முன்னும் பின்னுமாக இரண்டு பக்கத்துக்கும் கணக்குப் போட்டார், பிறகு நிமிர்ந்தார். நாலு முழம் கொடுத்தோமே, மிச்சம் எங்கே என்றார். சந்தைத் தெருத் தையற்காரர்கூட வெட்டு மிச்சத்தைச் சுருட்டி உள்ளே வைத்துத் தருகிறாரே என்றாள் பின்னாலிருந்து இன்னொருத்தி. உடனே எல்லா ஆத்தாமார்களும் தங்கள் பிள்ளைகளின் பாவாடையைத் திருப்பினார்கள்.

யார் வெட்டியது என்று கேட்டார் தலைவி.

“நான்தாங்க பெரியம்மா” என்றாள் வண்டிக்காரர் மகள்.

சொல்லிவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தாள். டீச்சர்தான் பீரோவில் வைக்கச் சொன்னாங்க என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் சொல்வேன் என்று நினைத்திருப்பாள். நான் குனிந்து, பாவாடைகளைக் கட்டிக்கொண்டு வந்த மூட்டைத் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அத்தனை முகங்களும் எங்கள் பக்கம் திரும்பியிருந்தன. பள்ளி ஆசிரியர் ஏதோ சமாதானம் சொல்லி எங்களை அனுப்பி வைத்தார். திரும்பி வந்த மூன்று மைலும் அவள் எனக்கு முன்னால் நடந்தாள்.

அடுத்த சந்தைக்குள் பேச்சு பரவிவிட்டது. நாப்பத்திரண்டு பாவாடை தைத்தவள் நாப்பத்து மூணாவதுக்கும் துணி சேர்த்துவிட்டாள் என்று வெற்றிலைக் கட்டு அடுக்குகிற இடத்தில் ஒருத்தர் சொல்ல, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்களாம். பக்கத்தில் வண்டியை அவிழ்த்துக்கொண்டிருந்த அவள் அப்பாவின் காதில் அது விழுந்தது. சங்கத்துக்கு அவள் வேண்டாம், வேறு ஆள் பார்க்கலாம் என்று ஊரில் பேச்சு என்று தலைமையாசிரியருக்கும் தகவல் வந்தது. அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். கேட்டால் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவர் கேட்கவில்லை.

கேட்டது அவள் அம்மா. பள்ளி விட்ட பிறகு தையல் அறை வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“எம்மவளுக்குத் தைக்க வரலன்னா வரலன்னு சொல்லிருங்க டீச்சர். அது பரவால்ல, களை எடுத்துப் பொழச்சுக்குவா. எடுத்தாளா இல்லையான்னு மட்டும் எனக்குத் தெரியணும்.”

அவளைக் கேட்கவில்லையா என்றேன். கேட்டாராம். டீச்சரைக் கேளு என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாளாம்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவு சுலபமாக வந்தது. சொல்லி முடித்ததும் ஏதோ கடமை தீர்ந்ததுபோல் இருந்தது. அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இத எங்கிட்டச் சொல்லி என்னங்க? அங்கிட்டுல்ல சொல்லணும்.”

மறுநாள் காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு பீரோவைத் திறந்தேன். எனக்கு ஒரே பயம், துண்டுகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்குமே என்பதுதான். ஒரே நிறத் துணி, எது யாருடையது என்று யார் நம்புவார்கள்? சாக்கைக் கவிழ்த்தோம். சின்னச் சின்னச் சுருள்களாக விழுந்தன. ஒவ்வொன்றும் நூலால் கட்டியிருந்தது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிவப்பு நூலில் நம்பர்.

“எப்பயாச்சும் கேப்பாகன்னு நெனச்சேங்க” என்றாள்.

எண்ணினோம். முப்பத்தொன்பது. குறைந்த மூன்றும் நான் மாதிரிக்காக எடுக்கச் சொன்னவை. அவை பரீட்சை நோட்டில் ஒட்டியிருந்தன. ஆறாவது, பதினேழாவது, முப்பதாவது பிள்ளைகளுடைய துணி. நோட்டைத் தண்ணீரால் நனைத்துப் பசையோடு உரித்தோம். ஒன்றில் நாலு பொத்தான் துளை, ஒன்றில் சதுர ஒட்டு, ஒன்றில் மூன்று விதத் தையல். அழுக்குப் போகத் துவைத்து இஸ்திரி போட்டேன். மாதிரிகள் போய்விட்டால் பரீட்சைக்கு என்ன செய்வது என்று மற்றப் பெண்கள் கவலைப்பட்டார்கள். என் பழைய புடவை ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சங்கம் கூடும். இருவரும் மூட்டையோடு போனோம். அவள் அம்மாவும் கூட வந்தார். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். அங்கே போய் நின்றதும் அடுக்கியது ஒன்றும் இல்லை. பாயில் முப்பது பெண்கள். தலைவி என்னைப் பார்த்து, உட்காருங்க டீச்சர் என்றார். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். நின்றபடியே சொன்னேன்.

“அளவு சொன்னது நான். மிச்சத்தப் பூட்டி வச்சதும் நான். குடுத்துரலாமான்னு இந்தப் புள்ள அன்னைக்கே கேட்டா, நான்தான் வேண்டாம்னேன். அவ ஒரு நூல் எடுக்கல.”

அதற்கு மேல் வரவில்லை. மூட்டையை அவிழ்த்துப் பாயில் கொட்டினேன்.

தலைவி தன் பேத்தியின் நம்பரைக் கேட்டு அந்தச் சுருளை எடுத்தார். வீட்டிலிருந்து பாவாடையைக் கொண்டுவரச் சொன்னார். நீளத்தை இரண்டு பக்கமும் அளந்தார், இடுப்புப் பட்டையைச் சேர்த்தார், சுருளைப் பிரித்து முழம் போட்டார். நாலு முழத்துக்கு நாலு விரல் குறைந்தது. அவர் புருவத்தை உயர்த்தினார். வண்டிக்காரர் மகள் குனிந்து பாவாடையின் அடி மடிப்பைத் தொட்டுக் காட்டினாள். அந்த நாலு விரல் அங்கே இருந்தது.

“சரியாத்தான் இருக்கு” என்றார் தலைவி.

அதைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்கள் தங்கள் நம்பரைத் தேடி எடுக்கத் தொடங்கினார்கள். ஆறாவது பிள்ளையின் ஆத்தாள் தன் துண்டை விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்து, துளை வழியாக என்னைப் பார்த்தாள்.

“என்னங்க டீச்சர், எம்மவ பாவாடைக்குப் பொத்தான் வைக்கப் போறீகளா?”

எல்லாரும் சிரித்தார்கள். வண்டிக்காரர் மகளின் அம்மாவும் சிரித்தார். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

இதற்கிடையில் வண்டிக்காரர் மகள் மூலையில் இருந்த மிஷினின் சாக்கை எடுத்துவிட்டு, எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை. மிச்சத் துண்டை இரண்டாகக் கிழித்து அடியில் இணைத்து, அதையே உள்ளுக்கு மடித்து டக்காக வைத்துவிட்டால் இரண்டு வருஷத்துக்குப் பிரித்துப் பிரித்துவிடலாம் என்றாள். தலைவியின் பேத்தி பாவாடையைத்தான் முதலில் தைத்தாள். பெண்கள் மிஷினைச் சுற்றி நின்றார்கள். காலை எப்படி மிதிக்கிறாள் என்று ஒருத்தி கேட்டாள், அவள் சொல்லிக்கொண்டே தைத்தாள். ஒட்டு போட்ட இடம் மடிப்புக்குள் போய்விட்டது. தலைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது. பேத்தியிடம் கொடுத்து, போய்க் கட்டிக்கிட்டு வா என்றார்.

மற்ற நாற்பத்தொன்றையும் முடிக்க அவள் ஒரு மாதம் வெள்ளிக்கிழமைதோறும் அங்கே போய் வந்தாள். நானும் முதல் இரண்டு வாரம் துணைக்குப் போனேன். அப்புறம் என் துணை அவளுக்குத் தேவைப்படவில்லை. பின்னால் பரீட்சை வந்தபோது அவள் கணக்கில் தேறவில்லை. தையல் பரீட்சையில் தேறினாள்.

கடைசிப் பாவாடை முடிந்த வெள்ளிக்கிழமை நானும் போயிருந்தேன். கிளம்பும்போது தலைவி உள்ளே போய் ஒரு புதுத் துணியோடு வந்தார். தனக்கு ரவிக்கை தைக்க வாங்கிய துணி. பள்ளிக்கூடப் படிப்பு முடிந்ததும் வந்துவிடு தாயி, மிஷின் சும்மா கிடக்கக் கூடாது என்றார். அப்படியே அந்தத் துணியை அவள் கையில் வைத்தார்.

முழம் போட்டுப் பார்க்கவில்லை.