சிவப்புப் புள்ளியை மாறித் திருகிய நாள்

வீதியோரச் சரளைக் கல்லில் தெற்கு நோக்கி நடந்துகொண்டிருந்தேன். றிச்மண்ட் ஹில்லுக்கும் வடக்கே, நடைபாதையோ பஸ்ஸோ இல்லாத இடம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வேட்டைக்காரர்கள் துப்பாக்கி சுட்டுப் பழகும் திடல் ஒன்றில் எனக்கு வேலை. சுட்ட குண்டுகளின் வெற்றுக் கோதுகளைக் கூட்டி அள்ளுவேன். துளை விழுந்த குறிக் கடதாசிகளைக் கழற்றிப் புதியவற்றை ஒட்டுவேன். அன்று பாதி வேலையில், கையுறையைக் கூடக் கழற்றாமல் வெளியே வந்துவிட்டேன்.

பின்னால் ஒரு கார் ஊர்ந்து வந்தது. அதே திடலில் புல் வெட்டும் அண்ணை. இந்த வேலையை எடுத்துத் தந்தவர் அவர்தான். என் அகதி வழக்குக்கு வாக்குமூலம் எழுதியபோது பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தவரும் அவர்தான்.

"ஏறடா. உப்பிடி நடந்தால் ஸ்காபரோவில உன்ர வீட்டுக்குப் போய்ச்சேர ஸ்நோ கொட்டத் தொடங்கிடும்."

"நீங்கள் போய் வேலையைப் பாருங்கோ அண்ணை."

"முதலாளிக் கிழவன் உன்னைத் தேடுறான். கோபத்தில இல்லை, சிரிச்சுக்கொண்டு தேடுறான்."

அந்தச் சிரிப்புத்தான் என்னை வெளியே துரத்தியது.

காலையில் ஒருவர் பழைய படைத் துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதன்மேல் புதிதாக ஒரு குறிபார்க்கும் கண்ணாடி. அதற்குள் பார்த்தால் சிவப்புப் புள்ளி தெரியும். புள்ளியை வைத்த இடத்தில் குண்டு விழவேண்டும். முதலில் துப்பாக்கியோடு வந்த இரும்புக் குறியைச் சரிசெய்வோம் என்றார் கிழவர், திடலின் முதலாளி. துப்பாக்கியை மணல் மூட்டையில் ஊன்றிச் சுட்டார். குண்டுகள் இடப்பக்கம், கீழே, கூட்டமாக விழுந்தன. துப்பாக்கியை வெறுமையாக்கி வைத்துவிட்டு, திருகும் சாவியை எடுத்துத் தரச் சொன்னார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. நானே குனிந்து, குழலின் நுனியில் இருந்த முன்குறியைக் கீழே இறக்கி, இடப்பக்கம் தள்ளினேன். முன்குறியைக் குண்டு போன பக்கத்துக்கே நகர்த்தவேண்டும். அப்போதுதான் அடுத்த குண்டு எதிர்ப்பக்கம் திரும்பி நடுவுக்கு வரும். வந்தது. கிழவர் என்னை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான்.

அடுத்தது சிவப்புப் புள்ளி. அதுவும் சற்று இடப்பக்கமே அடித்தது. திருகாணிக்குப் பக்கத்தில் வலப்பக்கம் காட்டும் அம்புக்குறி. புள்ளியும் முன்குறி மாதிரித்தானே என்று அம்புக்கு எதிராகத் திருகினேன். அடுத்த குண்டுகள் கடதாசியை விட்டே வெளியே போயின. அம்பு காட்டியது குண்டு போகவேண்டிய பக்கத்தை. புள்ளி நகரும் பக்கத்தை அல்ல.

கிழவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இந்த ஊர் வேட்டைக்காரன் பின்குறியைக் குண்டு போகவேண்டிய பக்கத்துக்கே நகர்த்திப் பழகியவன், அவன் இந்தப் பிழையை விடமாட்டான், படையில் முன்குறியோடு பழகியவன்தான் விடுவான், படையில் இருந்தபோது நானும் விட்டிருக்கிறேன் என்றார். எந்தப் படை என்று கேட்டார். நான் கோதுகளைக் கூட்டத் தொடங்கினேன். தோளில் தட்டி, குளிருக்கு முன் உன்னை உள்ளே துப்பாக்கி திருத்தும் மேசை வேலைக்கு எடுக்கிறேன், துப்பாக்கி அனுமதிக்குப் பொலிஸில் நானே உனக்காகப் பேசுகிறேன் என்றார்.

கடைசியில் அண்ணையின் காரில் ஏறினேன். அவர் காருக்குள் ஓடிய பாட்டை நிற்பாட்டினார்.

"கிழவன் எல்லாம் சொன்னவன். உனக்கு உந்தத் துவக்கு வேலை எப்பிடியடா தெரியும்?"

"இயக்கத்துக்குப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள் பழக்கினவங்கள். பிறகு நான் ஓடி வந்திட்டன்."

"துவக்கைத் தொட்டதே இல்லையெண்டெல்லோ வாக்குமூலத்தில சொன்னனீ! நானும் அப்பிடியே இங்கிலீசில ஒப்புவிச்சுப்போட்டன்."

"தொட்டனெண்டால் திருப்பி அனுப்பிப்போடுவாங்களெண்டு எல்லாரும் சொன்னவை."

"தை மாசம் உனக்கு விசாரணை. அதுக்குள்ள கிழவன் பொலிசிட்டைப் போனானெண்டால்?"

"அதாலதான் நடக்கிறன்."

"நடக்கிறாராம். காருக்குள்ள இருந்துகொண்டு."

பிடிக்காத இடங்களை விட்டுப் போவது எனக்குப் பழக்கம். கொழும்பை விட்டேன், மொஸ்கோவை விட்டேன், ஏதோ ஒரு எல்லையில் ஒரு லொறியை விட்டு இறங்கி நடந்தேன். இங்கே அது முடியாது. கடவுச்சீட்டு இல்லை, நாட்டை விட்டுப் போனால் வழக்கும் போய்விடும். போக வழியில்லாத ஊருக்குள், எனக்கு நல்லது செய்ய நினைக்கும் ஒரு மனிதருக்குப் பயந்து ஒளியவேண்டியிருந்தது.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டு அண்ணை சொன்னார்: "உனக்கு வேற வேலை கிடைச்சிட்டுதெண்டு நாளைக்குக் கிழவனுக்குச் சொல்லுறன். அப்பத்தான் அவன் பொலிசுக் கதையை விடுவான். ஆனா அது பொய்யாப் போகாமல் பாத்துக்கொள். இன்னொரு பொய்யையும் என்னால சுமக்கேலாது."

அடுத்த நாள் காலை ஸ்காபரோவுக்குள் வோபர்ன் பகுதியில் ஒரு பேக்கரியின் பின்கதவைத் தட்டினேன். மேற்பார்வைக்கு எங்கள் ஆள் ஒருவர், தலையில் வலைத்தொப்பியோடு.

"என்ன வேலை தெரியும்?"

"ஒண்டும் தெரியாது அண்ணை."

"நல்லதாப் போச்சு. தெரிஞ்சவங்கள்தான் ரெண்டு நாளில ஓடுறாங்கள்."

ஜன்னல் இல்லாத அறை. முழுக்க நீராவி. கருகிய எண்ணெய் படிந்த பாண் தட்டுகள் என் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மேலே இருந்த தட்டைக் கழுவ இறக்கினேன்.