அழியாத குக்கி

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நிதானம் என்றுதான், முகத்துக்கு நேராகவே. அவரும் திரும்பிப் பார்ப்பார். ஒரு வரி நிரல் எழுதி, அதை நாலு தடவை படித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ஐந்தாவது தடவை படிக்கிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வீட்டிலும் இதே கதைதான். கதவைப் பூட்டி மூன்று முறை இழுத்துப் பார்ப்பார், மூன்று மாடி இறங்கிய பிறகு சந்தேகம் வந்து மறுபடி ஏறுவார் என்று அவர் மனைவி சொல்வார். "இவரோட சினிமாவுக்குப் போனா நாங்க இடைவேளைக்குத்தான் போய்ச் சேருவோம்" என்பார். அப்படிப்பட்ட மனிதர் கையால் அது நடந்தது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அவர் கையால் மட்டுமில்லை, என் கையாலும்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் அங்கே டெஸ்டர். மற்றவர்கள் எழுதுவதைத் தட்டிப் பார்த்து எங்கே உடைகிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. எனக்கு வாய் ஜாஸ்தி, பொறுமை கம்மி. எட்டுப் பேருக்கு இரண்டு ஜன்னல், கரகரவென்று சுற்றும் ஒரு ஃபேன், கால் ஆடும் மேஜைகள். என் மேஜையும் நிதானத்தின் மேஜையும் ஒட்டிக் கிடக்கும். அவர் மேஜைக்காலுக்கு அட்டை மடித்து வைத்ததும் அவர்தான், என் மேஜைக்காலுக்கு வைத்ததும் அவர்தான்.

கணினிக்கு அவர் தாமதமாக வந்தவர். அதற்கு முன் ஒன்பது வருஷம் ரயில் நிலையத்தில், பயணிகளின் பைகளை வாங்கி வைக்கும் அறையில் இருந்தார். மாலை வகுப்பில் படித்து, முப்பதைத் தாண்டி இந்த வேலைக்கு வந்தார்.

வீட்டில் அடிபடும் பெண்களுக்காக ஒரு ஆலோசனை மையம் இருந்தது. அதற்கு இணையதளம் செய்யும் வேலை எங்களிடம் வந்தது. மையத்தை நடத்துகிற ஆலோசகர் அக்கா முதல் நாளே கேட்டார்: "புருஷன் பக்கத்து ரூம்ல இருப்பான். கம்ப்யூட்டர் அவனோடது. இவ எங்ககிட்ட பேசினது அவனுக்குத் தெரியவே கூடாது. முடியுமா?"

நிதானம் மூன்று நாள் யோசித்து ஒரு வழி சொன்னார். தளம் பார்வைக்கு வானிலைத் தளமாக இருக்கும். நாளைக்கு மழை வருமா, வெயில் எவ்வளவு, அவ்வளவுதான். ஊர் தேடும் கட்டத்தில் மையம் சொல்லிக்கொடுத்த ஒரு சொல்லை அடித்தால் மட்டும் பேச்சுப் பகுதி திறக்கும். அதில் சிவப்பாக ஒரு பொத்தான். யாராவது வரும் சத்தம் கேட்டால் அதை அழுத்த வேண்டும். உடனே வானிலை வந்துவிடும். பிறகு யார் எப்படித் துருவினாலும் ஒரு வானிலைப் பக்கம் பார்த்த தடயம்தான் இருக்கும்.

"அப்போ உங்க தளத்துக்கு மட்டும் அவ யாருன்னு எப்படித் தெரியும்?" என்று அக்கா கேட்டார்.

"சர்வருக்கு, அதாவது தளம் ஓடற கம்ப்யூட்டருக்கு, ஞாபகமே கிடையாதும்மா. ஒவ்வொரு பக்கத்துக்கும் நீங்க யாருன்னுதான் கேக்கும். அதனால முதல் தடவை ஒரு டோக்கன் குடுத்துடும். பிரவுசர் அத பத்திரமா வெச்சிருந்து ஒவ்வொரு தடவையும் காட்டும். அதத்தான் குக்கிங்கறோம்."

"போகும்போது?"

"போகும்போது டோக்கன திரும்ப வாங்கிடணும். நான் பை ரூம்ல இருந்தவன், எனக்குத் தெரியும். டோக்கன் யார் கையில இருக்கோ, அவங்களுக்குத்தான் பை."

நாங்கள் தளம் கட்டப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பான ஃபிரேம்வொர்க்கில் குக்கி போடுவது ஒரு வரி, அழிப்பது ஒரு வரி. போடும்போது இது தளத்தின் எந்தப் பகுதிக்கு என்று ஒரு பாதை சொல்ல வேண்டும். அழிக்கும்போதும் அதே பாதையைச் சொல்ல வேண்டும். வேறு பாதை சொன்னால் பிரவுசர், அங்கே அப்படி ஒரு குக்கியே இல்லை என்று சும்மா இருந்துவிடும். பிழை என்று திரையில் ஒரு எழுத்துகூட வராது. நிதானம் இரண்டு வரியிலும் பேச்சுப் பகுதியின் பாதையைத்தான் எழுதியிருந்தார். நான் இரண்டு நாள் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

தளம் ஓட ஆரம்பித்து ஒரு மாதம் கழித்து அக்கா இரண்டு மாற்றம் கேட்டார். பாதிப் பேச்சில் வானிலைப் பக்கத்துக்குப் போய்விட்டுத் திரும்பினால் மறுபடி அந்தச் சொல்லைக் கேட்கிறது. பயந்த நேரத்தில் அவர்களுக்கு அது மறந்துபோகிறது. அரை மணி நேரத்தில் தானாக வெளியே தள்ளியும் விடுகிறது. சிவப்புப் பொத்தானை அழுத்தும்வரை ஒரு நாள் முழுக்க ஞாபகம் இருக்கும்படி செய்ய முடியுமா என்றார். நிதானம் குக்கி போடும் வரியைத் திருத்தினார். பேச்சுப் பகுதிக்கு மட்டும் என்றிருந்தது தளம் முழுவதற்கும் என்றானது. குக்கி இருந்தால், தளத்தைப் புதிதாகத் திறந்ததும் நேராக விட்ட பேச்சுக்கே போகும். அரை மணி, ஒரு நாள் ஆனது. அந்த வரியை ஐந்து தடவை படித்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அழிக்கும் வரி வேறொரு கோப்பில் இருந்தது. அது பழைய பாதையோடு அப்படியே இருந்துவிட்டது.

அவருடைய நோட்டில் ஒரு குறிப்பு வேறு இருந்தது: பொத்தானை அழுத்தினால் சர்வர் பக்கமும் அந்த டோக்கனைச் செல்லாததாக்க வேண்டும். அதைச் செய்திருந்தால் குக்கி அழியாவிட்டாலும் கதவு திறந்திருக்காது. முதலாளிதான், "அடுத்த வாரம் பாத்துக்கலாம், வேற வேலை தலைக்கு மேல கெடக்கு" என்றார். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை.

நான் என்ன கிழித்தேன் என்று கேளுங்கள். மாற்றிய இரண்டையும் சோதித்தேன். ஒரு நாள் ஞாபகம் இருக்கிறதா, இருக்கிறது. வானிலைக்குப் போய்த் திரும்ப முடிகிறதா, முடிகிறது. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன், வானிலை வந்தது. டிக் போட்டேன். அதன்பிறகு பக்கத்தை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்து பார்க்கவில்லை. போன மாதம்தானே பார்த்தோம் என்று விட்டுவிட்டேன். பட்டியலில் அந்த டிக் இன்னும் என் பெயருக்கு நேராக இருக்கிறது.

அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒரு பெண்ணைக் கூட்டிப்போக மையத்தின் வேன் ஒரு பேருந்து நிறுத்தத்தில் நின்றது. அவள் செவ்வாய் மதியம் பேசி முடிவு செய்திருந்தாள். எந்த நிறுத்தம், எத்தனை மணி, ஒரே ஒரு பை, எல்லாம் எழுத்தில் இருந்தது. வேன் பன்னிரண்டு மணிவரை நின்றது. அவள் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அக்கா அலுவலகத்துக்கே வந்தார். உட்காரக்கூட இல்லை.

"ஆஸ்பத்திரில இருக்கா. கை ஒடைஞ்சிருக்கு, ஒரு கண்ணு தொறக்கல. மாடிப்படியில விழுந்துட்டேன்னு டாக்டர்கிட்ட சொல்லியிருக்கா. அவன் மருந்து வாங்கப் போன நேரத்துல நான் பேசினேன். செவ்வாக்கிழமை சாயங்காலம் மழை வருமான்னு பாக்க அந்தப் பக்கத்தத் தொறந்திருக்கான். அவ பேசினது மொத்தமும் அப்படியே வந்திருக்கு." நிதானத்தின் திரையைக் கை காட்டினார். "ரெண்டு தடவ அழுத்தினேன்க்கா, சரியா அழுத்தல போலிருக்குன்னு சொல்றா. அந்தப் பட்டன் வேலை செய்யுதா இல்லையா?"

"செய்யுதுக்கா, நான் பாத்தேன்" என்றேன் நான். வாய் முந்திக்கொண்டது.

நிதானம் தளத்தைத் திறந்தார். சொல்லை அடித்தார். பேச்சுப் பகுதியில் 'வணக்கம்' என்று எழுதினார். சிவப்புப் பொத்தானை அழுத்தினார். வானிலை வந்தது.

"பாத்தீங்களா" என்றேன்.

"இரும்மா."

பிரவுசரை மூடினார். மறுபடி திறந்து, வானிலைப் பக்கத்தின் முகவரியை அடித்தார். பேச்சுப் பகுதி திறந்தது. வணக்கம் அங்கேயே உட்கார்ந்திருந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சரிசெய்ய நாலு நிமிஷம் ஆனது. அழிக்கும் வரியில் ஒரு பாதை, அவ்வளவுதான். சர்வர் பக்க வேலையையும் அன்றைக்கே முடித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார், துடைக்கவில்லை.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லணும்" என்றார் முதலாளியிடம். "அவ சரியாத்தான் அழுத்தியிருக்கா. தப்பு என்னோடது. அத அவளுக்குச் சொல்லணும்."

"சொல்லி? நம்ம எல்லாரும் கோர்ட்டுக்கு நடக்கணுமா? வாய் வார்த்தையாவும் வேணாம், எழுத்துலயும் வேணாம். பேசாம இருங்க."

நிதானம் பேசாமல்தான் இருந்தார். மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பெண்கள் வார்டுக்குத் தனியாகப் போகக் கூச்சம். வழி முழுக்க என்ன சொல்வது என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். வார்டில் வரிசையாகப் பன்னிரண்டு கட்டில், அக்கா சொன்ன மாதிரி ஜன்னலோரத்தில் அவள். என் வயதுதான் இருக்கும். பக்கத்தில் ஸ்டூலில் அவள் புருஷன் உட்கார்ந்து சின்னக் கத்தியால் கீறி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு சுளையிலும் நாரை எடுத்துவிட்டு அவள் வாயில் வைத்தான். அவள் வாங்கி மென்றாள்.

அவன் நிமிர்ந்து, "யாரப் பாக்கணும் சார்?" என்று மரியாதையாகக் கேட்டான்.

நாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளுக்கு மீதி உள்ளதும் உடையும். எனக்கு அவன் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கலாம் போல இருந்தது. அப்படிப்பட்ட ஆத்திரம் என் வாழ்க்கையில் வந்ததில்லை, அதில் பாதி என் மேலேயே.

"தப்பா வந்துட்டோம், மன்னிச்சுக்கோங்க" என்றார் நிதானம். அவன் தலையாட்டினான். அவள் திறந்திருந்த ஒரு கண்ணால் எங்களைப் பார்த்தாள். நாங்கள் யாரென்று அவளுக்குத் தெரிய வழியில்லை.

மூன்று நாள் கழித்து மறுபடி போனோம். அந்தக் கட்டிலில் வேறொரு பெண் படுத்திருந்தாள். புருஷன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டான் என்று நர்ஸ் சொன்னார். நிதானம் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"அடி ஆறிடும்மா. தன் தப்பாலதான் வந்ததுன்னு நெனச்சுக்கிட்டே இருப்பாளே" என்றார். அழுதார். ஐம்பதை நெருங்கிய மனிதர் அழுவதைப் பார்த்துக்கொண்டு என்ன செய்வது? பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அன்று மதியமே பேச்சுப் பகுதியின் தலையில் மூன்று வாக்கியம் எழுதி ஏற்றினார். சொல் தெரிந்தவர்கள் மட்டுமே பார்க்க முடியும். 'சிவப்புப் பொத்தான் சில நாட்கள் சரியாக வேலை செய்யவில்லை. தவறு எங்களுடையது. நீங்கள் சரியாகத்தான் அழுத்தினீர்கள்.' அக்காவிடம் கேட்டுத்தான் ஏற்றினார். முதலாளியிடம் கேட்கவில்லை.

முதலாளி பார்த்துவிட்டுக் குதித்தார். எடுக்கச் சொன்னார். எடுக்க மாட்டேன் என்றார் நிதானம். எதிர்த்து அவர் பேசி அன்றுதான் கேட்டேன். அந்த வாரக் கடைசியில் தன் டம்ளரையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது என் மேஜைக்காலுக்குக் கீழே அட்டை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அந்த வாக்கியங்களை எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எடுத்துவிட்டேன் என்று முதலாளியிடம் சொன்னேன். எடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் வந்ததும் முதல் வேலையாகச் சிவப்புப் பொத்தானை அழுத்தி, மூடி, மறுபடி திறந்து பார்க்கிறேன்.

வேறு எங்கும் அவருக்கு வேலை சரியாக அமையவில்லை. அமைந்த இரண்டு இடத்திலும், எழுதிய வரியைக் கொடுக்காமல் படித்துக்கொண்டே இருந்தார் என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது ஒரு பெரிய துணிக்கடையின் வாசலில், வாடிக்கையாளர்களின் பைகளை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கிறார். அவர் மனைவி சினிமாக் கதையைச் சொல்வதில்லை. "போனது போயாச்சு, அவர் சாப்பிட்டா போதும்" என்கிறார்.

ஏழு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை அக்கா எனக்குப் போன் செய்தார்.

"இன்னிக்கு நம்ம தளத்துக்கு அந்தப் பொண்ணு வந்தா. நிதானம் எழுதின அந்த மூணு வாக்கியத்துக்குக் கீழ ஒரே ஒரு வரிதான் எழுதினா. 'ரெண்டு தடவ அழுத்தினேன்'னு. நான் பதில் எழுதறதுக்குள்ள போயிட்டா."

மதியம் சாப்பாட்டு நேரத்தில் துணிக்கடைக்கு ஓடினேன். அவர் கவுண்டருக்குப் பின்னால் நின்று ஒரு பையின் டோக்கனைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர் போகும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னேன். அந்த வரியை அப்படியே சொன்னேன். அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்துத்தான் ஓடி வந்திருந்தேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போகும்போது பட்டன அழுத்தினாளாம்மா? குக்கி போயிடுச்சா? நீ பாத்தியா?"

"பாத்தேன்ணே. சர்வர்ல பதிவு இருக்கு. அழுத்தியிருக்கா. அழிஞ்சிருக்கு."

"இன்னொரு தடவ பாத்துட்டு வந்து சொல்றியா" என்றார்.

சரி என்று திரும்பி நடந்தேன். அன்றைக்கும் பார்த்தேன், மறுநாளும் பார்த்தேன். அவள் அதற்குப் பிறகு வரவில்லை.