தறி நின்ற மதியம்

தறி ஓடும்போது எங்கள் வீட்டுத் தரை உள்ளங்காலில் அதிரும். அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். பல்லடம் பக்கம், வீட்டை ஒட்டிய கொட்டகையில் அம்மா ஓட்டிய விசைத்தறிகளின் 'டக்கடி டக்கடி'யில்தான் நான் தூங்கிப் பழகினேன். சத்தம் நின்றால்தான் எங்களுக்கு விழிப்பு வரும்.

அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு அப்பா ஈரோட்டுக்குப் போய்விட்ட வருடம், விடுமுறை நாட்களின் மதியத் தூக்கத்தில் அவர் வர ஆரம்பித்தார். எனக்கு எதையும் லேசில் நம்புகிற புத்தி கிடையாது. ஒருநாள் கனவுக்குள்ளேயே ஏதோ இடித்தது: அப்பா சிரிக்கிறார், தறிச் சத்தத்தைக் காணோம். அட, இது கனவு! அன்றிலிருந்து சத்தம் இல்லையென்றால் கனவு என்று முடிவு கட்டிவிட்டேன். கண்டுபிடித்த சந்தோஷத்தில் அவரிடம் ஓடினால் எல்லாம் கலைந்துவிடும். முகத்தைப் பார்க்காமல், பேசாமல், உள்ளங்கைகளைத் தேய்த்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தால் அப்பா இன்னும் கொஞ்ச நேரம் இருப்பார் என்பதையும் நானாகவே தெரிந்துகொண்டேன். அம்மாவுக்கோ என் மேல் சந்தேகம். "பகல்ல என்ன அம்மணி அத்தன தூக்கம்? ஒடம்புக்கு என்னமோ பண்ணுதா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். நான் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.

அப்படியொரு மதியம் கண்ணைத் திறந்தால் ஒரே நிசப்தம். வாசலில் அப்பா, கையில் கொய்யாப்பழப் பையோடு.

"அம்மணி, அப்பன் வந்திருக்கறேன். எங்கூடப் பேசமாட்டயா?"

ஏமாறுவேனா நான்? தலையைக் குனிந்து கைகளைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

"கோவமா கண்ணு?"

தேய்த்துக்கொண்டே இருந்தேன். ரொம்ப நேரம் நின்றார். "செரி சாமி, போயிட்டு வாரேன்" என்றார். செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

கரண்டு போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கரண்டு திரும்பி, கடைக்குப் போயிருந்த அம்மா வந்து தறியைப் போட்டு, தரை அதிர்ந்தபோதுதான் நிமிர்ந்தேன். பை படியிலேயே இருந்தது. ஐயோ, பஸ் ஸ்டாப் வரை ஓடினேன், பஸ் போய்விட்டிருந்தது. "பக்கத்து ஊட்டுக்காரங்க வெச்சுட்டுப் போயிருப்பாங்க, நீ கனாக் கண்டிருப்பே" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னதை அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை.

அப்பா அப்புறம் வரவே இல்லை, ஈரோட்டிலேயே காலமாகிவிட்டார். தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. கொட்டகையில் யாரோ அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். தெருவே அமைதியாகக் கிடக்கிறது. கனவா நிஜமா என்று பார்க்க என்னிடம் இப்போது எந்த அடையாளமும் இல்லை. மற்ற எல்லாரையும் இன்னமும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். அப்பா வந்தால் மட்டும் சோதிப்பதில்லை. "வாங்கப்பா!" என்று வாய்விட்டுக் கூப்பிடுகிறேன், அந்தச் சத்தத்திலேயே விழித்தும்விடுகிறேன்.