ஒரே வீட்டில் இரண்டு சிக்னல்

மஸ்கட்டில் நான் வேலை செய்யும் கிடங்கு தரைக்கு அடியில் இருக்கிறது. அங்கே நின்றுகொண்டு, கூட வேலை செய்யும் வங்காளத்துக் கரீம் தன் வீட்டோடு சிரித்துப் பேசுவான். பக்கத்திலேயே நிற்கும் என் போனில் ஒரு கோடுகூட வராது. இத்தனைக்கும் இருவரும் வைத்திருப்பது ஒரே கம்பெனி சிம். ஒருநாள் போனைத் தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேடினேன். ஓமானி மேற்பார்வையாளர் "தஸ்வீர் மம்னூ!" என்று பாய்ந்து வந்தார். படம் எடுக்கிறேன் என்று நினைத்துவிட்டார். இல்லையென்று சொல்ல என் அரபி போதவில்லை, திட்டை வாங்கிக்கொண்டேன்.

பிறகு கரீமின் புதுப் போனில் என் சிம்மைப் போட்டுப் பார்த்தேன். கோடுகள் நிறைந்து நின்றன. கோபுரம் பல அலைவரிசைகளில் பேசுமாம். சுவரைத் தாண்டி வரும் அலைவரிசை சில பழைய போன்களுக்குப் பிடிபடாதாம்; புதியவற்றில் அதற்கான சில்லும் கூடுதல் ஆன்டெனாவும் உள்ளேயே இருக்கின்றனவாம். போன் கடையில் கேட்டதாக அவன் இதைச் சொன்னான். பழசை வைத்திருப்பவன் பேசவே கூடாதென்றா கோபுரம் கட்டுகிறார்கள்?

ராஜபாளையம் பக்கம் சோழபுரத்தில் என் வீட்டிலும் இதே கதைதான். மனைவி ஜைனபுக்கென்று நான் கொடுத்தனுப்பிய புதுப் போனை, அங்கேயே குடியிருக்கும் என் அண்ணன் எடுத்துக்கொண்டு, தன் பழசை அவளிடம் தள்ளிவிட்டார். அவளைக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. அண்ணனைக் கூப்பிட்டால் உடனே எடுப்பார். ஸ்பீக்கரில் போட்டு அவளிடம் நீட்டிவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். அவளும் "நல்லாருக்கோம்" என்பதைத் தாண்டமாட்டாள்.

"ஒரே வீடு, ஒரே டவரு. எனக்கு எடுக்குது, அவளுக்கு எடுக்கலையாம்! அணைச்சுல்ல வச்சிருக்கா. என்னத்துக்குன்னு நீயே கேளு" என்பார்.

அல்லாஹ் சாட்சியாக, நான் ஒருநாளும் அதை நம்பவில்லை. மறுத்துப் பேசத்தான் வழி தெரியாமல் இருந்தது. கரீம் சொன்ன அன்றே, மாலையில் மஃரிப் தொழுத கையோடு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, அந்தப் பழைய போனு வீட்டுக்குள்ள சிக்னல் பிடிக்காது. புதுசை அவகிட்ட குடுங்க."

"ஏலே, சரக்குத் தூக்கப் போனவன் டவர் இன்ஜினியர் ஆயிட்டியோ? பொம்பளைக்கு எம்புட்டுப் பேச்சுலே வேணும்?"

ஊருக்குப் போன நண்பனிடம் இன்னொரு புதுப் போனைக் கொடுத்து, அவள் கையில்தான் சேர்க்க வேண்டும் என்றேன்.

அது கைக்குப் போனதும் அவளே கூப்பிட்டாள். பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் அவ்வளவு தெளிவு.

"மச்சான், அடுப்படில இருந்து பேசுதேன். நான் போனை அணைச்சு வைக்கேன்னு ஒங்க அண்ணன் ஊரெல்லாம் சொல்லிட்டாவ. தெருவுல தலைகாட்ட முடியல. பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர்ல அம்மா வீட்டுக்குப் போறேன். இனி இங்க வர மாட்டேன். நீங்க வாறதுன்னா அங்க வாங்க."

"போ" என்றேன்.

வீட்டை விட்டு வந்திருக்கும் சகோதரர்களே, மனைவி எடுக்கவில்லையென்றால் முதலில் போனைச் சந்தேகியுங்கள்.

நோன்புப் பெருநாளுக்கு ஊருக்குப் போகிறேன். மதுரை பஸ் முதலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கும். அங்கே மாமியார் வீட்டுக்கு விருந்தாளியாக இறங்கிவிடுவேன். பஸ் ராஜபாளையத்துக்குப் போய்விடும். அதைத் தாண்டிச் சோழபுரத்தில் நான் கட்டிய வீட்டின் சாவி, என் சட்டைப்பையில் இருக்கும்.