வசிலே கோச் கொடுத்த பந்து

வசிலேயைப் பார்த்தால் உதைபந்து விளையாடிய ஆள் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். வயிறு முன்னுக்கு வந்துவிட்டது, வலது முழங்கால் சரியாக மடங்காது. ஆனால் ருமேனியாவில் ஒரு சுரங்கப் பட்டினத்து அணிக்கு நடுக்களத்தில் நின்றவர் அவர்தான். கோல் அடித்தவனின் பெயரைத்தான் சனம் கத்தும். அவனுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்த கால் இவருடையது. அதில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. கொடுப்பதில்தான் அவருக்கு ருசி.

பிறகு சுரங்கம் மூடியது, அணி கலைந்தது, முழங்காலும் போனது. ரொறன்ரோவுக்கு வந்து பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். வோபர்ன் பகுதியில் பக்கத்து வீட்டு றெமிஜியஸ், யாழ்ப்பாணத்துக் கடலோரத் தன் ஊரின் பெயரில் இங்கே நடக்கும் பந்துக் கழகத்துக்குச் செயலாளர். பொடியளை ஒருக்கால் வந்து பாருங்கோ என்று கூப்பிட்டார். பார்க்கப் போனவர் அப்படியே கோச் ஆகிவிட்டார்.

தமிழ் பழகினார், உறைப்புக் கறியும் பழகினார். பழகாதது ஒன்றுதான்: கோட்டுக்கு வெளியே நிற்பது. ஆட்டம் சூடேறினால் அவருடைய கால் மெல்ல மெல்ல வெள்ளைக் கோட்டைத் தாண்டும். நடுவர் பின்னுக்கு அனுப்புவார். கொஞ்ச நேரத்தில் மறுபடி உள்ளே நிற்கும்.

போன கோடையில், ஊர்க் கழகங்களுக்கிடையே போட்டி நடத்தும் சங்கம், நாற்பது தாண்டியவர்களுக்கும் ஒரு ஆட்டம் என்று அறிவித்தது. தானும் கொஞ்ச நேரம் இறங்கட்டுமா என்று வசிலே கேட்டார். றெமிஜியஸ் தலையைச் சொறிந்தார்.

"குறை நினையாதேங்கோ கோச். ஊர்க்காரர் மட்டும்தான் விளையாடலாம். எங்கட அத்தான் மன்னார் ஆள். எங்கட ஊரில பெண் எடுத்தும் அவரையே விடேல்லை."

வசிலே சிரித்தார். ஆனாலும் போட்டியன்றைக்குப் பழைய பந்துச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டுதான் வந்தார். கோச்சுக்கு அது எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

பின்னேரம் பொடியளின் இறுதியாட்டம். இரண்டு பக்கமும் சமன், முடியப்போகிற நேரம். பந்து உருண்டு கோட்டோரம் வந்தது, வெளியே போகவில்லை. தூரத்தில் இடப்பக்கமாகத் தன் அணிப் பொடியன் யூட்சன் தனியே ஓடுவதை வேறு ஒருவரும் காணவில்லை. வசிலே கண்டார். அவர் யோசிக்கும் முன் கால் அடித்துவிட்டது.

விசில் ஊதியது. முகத்துக்கு முன்னால் சிவப்பு அட்டை. அந்த இடத்திலிருந்தே தண்ட உதையாக எதிரணி அடித்த பந்து கோலாகி, கோப்பையும் போனது. கோச்சுக்கு விசர் பிடித்துவிட்டது என்று சங்கத்துப் பெரியவர்கள் வாய்விட்டே சொன்னார்கள்.

வேலிக்கு வெளியே தனியே இருந்தவரிடம் றெமிஜியஸின் மனைவி அன்ரனெற் கொத்துரொட்டித் தட்டோடு போனார். கடற்கரை மணலில் பந்தாட்டம் பார்த்தே வளர்ந்த மனுசி. பிழையைப் பிழை என்றே சொல்லுவார். ஏசத்தான் போனார், நன்றாக ஏசியும் முடித்தார்.

அட்டை மறைத்ததில் வசிலே காணாதது ஒன்று இருந்தது. அதை மட்டும் கேட்டார்.

"அன்ரனெற், பந்து போனதோ?"

அன்ரனெற் தட்டை அவர் பக்கம் நீட்டினார்.

"யூட்சன்ர காலுக்கையே போய் நிண்டது. இப்ப சாப்பிடுங்கோ."

வசிலே தட்டை வாங்கினார். வேலிக்கு அப்பால் எதிரணியார் கோப்பையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் பார்த்தது இடப்பக்கத்தை. யூட்சன் ஓடிய வெறும் புல்லை.