சாமி போன பிறகு அணைத்த சூடம்

என் நாத்தனார் ஜெயக்கொடிக்கு இருந்தது ஒரே ஒரு ஏக்கர். திருப்பரங்குன்றத்திலிருந்து மேற்கே போகிற தார்ச்சாலையை ஒட்டிய மானாவாரி நிலம். மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் புல்லுகூடக் கிடையாது. புருஷன் செத்ததும் எங்கள் வீட்டோடு வந்து இருக்கச் சொன்னோம்.

"என் அடுப்பை நான் பத்தவைக்கிறேன் மதினி. ஒங்க அடுப்புல நீங்க வேகுங்க" என்றாள். அப்படிப்பட்ட வாய்.

ஒரே மகன் காசிமாயன். வடக்கே எங்கேயோ முறுக்குக் கம்பெனியில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தான். எங்கள் பக்கத்துப் பையன்கள் பாதிப் பேருக்கு அதுதான் விதி. பொங்கலுக்கு வருவான், கையெல்லாம் கொப்புளம் காய்ந்த தழும்பு. அவனை ஊரோடு நிறுத்திவிட வேண்டும். ஜெயக்கொடிக்கு அதைத் தவிர வேறு ஆசை இருந்து நான் பார்த்ததில்லை.

ரொம்ப வருஷம் கழித்துப் பஞ்சாயத்துத் தேர்தல் வைத்தார்களே, அதில் கருத்தக்கண்ணன் பிரசிடெண்ட் ஆனான். ஆன கொஞ்ச நாளில் ஒரு சேதி கொண்டுவந்தான். சர்க்கார் மானியம் தருகிறதாம். ஊர்க்காரர்கள் இடம் கொடுத்தால், அந்த மானியத்தில் மேடுபள்ளம் நிரவி, ரோடு போட்டு, போர் இறக்கி, கரண்டு இழுத்துவிடலாமாம். அதற்கப்புறம் கம்பெனிக்காரன் தானே தேடி வருவானாம். பெண்ணைக் குளிப்பாட்டிப் பூ வைத்து உட்காரவைத்தால் மாப்பிள்ளை வருவான் என்கிற மாதிரி சொன்னான்.

இடம் என்றால் மந்தைப் புறம்போக்கு. ஆடு மேய்கிற பொட்டல். நடுவில் ஒரு வேப்பமரம், அதன் அடியில் எங்கள் கருப்பசாமி. ஆனால் தார்ச்சாலையிலிருந்து மந்தைக்கு லாரி போக வேண்டுமானால் ஜெயக்கொடி நிலத்தில்தான் வழி. அதனால் பிரசிடெண்ட் அவள் வீட்டு வாசலுக்கு வந்தான்.

"தங்கச்சி, நெலத்த விட்டுக்குடு. ஒன் மகன் பேண்ட்டு போட்டுக்கிட்டு கம்பெனிக்குப் போவான். நீ ஒக்காந்து வெத்தல போடலாம்."

"வெத்தலைய யாருண்ணே வாங்கித் தருவா? நீங்களா?"

"வர்ற மொத வேலை காசிமாயனுக்குத்தான். போதுமா?"

"வாயால சொன்னாப் போதாது. சாமி முன்னால சூடத்த அணைச்சுச் சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் எழுதி வாங்கச் சொன்னார். அவள் கேட்டாளா? "எழுதுனதக் கிழிச்சுப் போடலாம்ணே. அணைச்ச சூடத்த என்ன செய்ய முடியும்?" என்றாள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்ன வாக்கை எங்கள் ஊரில் யாரும் மீறியதில்லை. அதனால் ஊரே தலையாட்டியது. நானும்தான் ஆட்டினேன்.

அதற்குள் மானியத்துக்கு இடம் பார்க்க ஆபீசர் ஹாலாஸ்யம் ஜீப்பில் வந்தார். வெள்ளைச் சட்டை கசங்காத மனிதர். வேப்பமரத்தைப் பார்த்தார்.

"கோயில் இருக்கிற இடத்துக்கு மானியம் தரமாட்டாங்க. நீங்களே மரியாதையா சாமியை வேற இடத்துக்கு மாத்திடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் பக்கம் சாமியை இடம் மாற்றுவதென்றால் பிடிமண் எடுப்பார்கள். சாமியிடம் உத்தரவு கேட்டு, காலடி மண்ணைக் கைப்பிடி அள்ளி மஞ்சள் துணியில் முடிந்து, புது இடத்தில் வைத்துவிட்டால் சாமி அங்கே போய்விட்டது என்று அர்த்தம். பழைய இடம் வெறும் தரை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சாமியாடி விருமாண்டி பிடிமண் எடுத்துக் கண்மாய்க்கரையில் கொண்டுபோய் வைத்தார். கிடா வெட்டிச் சோறு போட்டார்கள்.

அன்று சாயங்காலம்தான் சூடம் அணைத்தது. பிரசிடெண்ட் முன்னால் நடந்தான். ஊர் பின்னால் போனது. எங்கே போனோம்? பழைய வேப்பமரத்தடிக்கு. தலைமுறை தலைமுறையாய்க் கால் பழகிய இடம், கால் தானாகப் போய் நின்றது. கல் அங்கேதான் நட்டபடி இருந்தது, பூசிய மஞ்சள்கூடக் காயவில்லை. கருத்தக்கண்ணன் சூடத்தை ஏற்றி, "மொத வேலை காசிமாயனுக்கு" என்று சொல்லிப் பட்டென்று அணைத்தான். ஜெயக்கொடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாமி காலையிலேயே புறப்பட்டுப் போய்விட்டதே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மறுவாரம் புல்டோசர் வந்தது. ரோட்டுக்கு மட்டும் வழி என்றார்கள். அவள் நிலம் முழுவதையும் வழித்தார்கள். மேல்மண் அத்தனையும் பிரசிடெண்டின் மச்சினன் செங்கல் காளவாசலுக்குப் போனது. அந்த இடத்தில் கிராவலைக் கொட்டி உருட்டினார்கள். போர் போட்டார்கள், தண்ணீர் உப்பாய்க் கரித்தது. கரண்டு கம்பம் நட்டார்கள். வேப்பமரத்தை வெட்டிச் சாமிக்கல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சரியாக அந்தக் குழியிலேயே அடிக்கல் நட்டார்கள். யாரோ மந்திரி வந்தார். எங்களுக்குப் பொட்டலத்தில் காராபூந்தி கொடுத்தார்கள். அதுவும் சிக்கு வாடை அடித்தது.

காசிமாயன் வேலையை விட்டு, இரும்புப் பெட்டியோடு வந்துவிட்டான். தினமும் குளித்துத் தலைவாரி அந்தப் பொட்டலைப் போய்ப் பார்த்துவிட்டு வருவான். கார் ஒன்று வந்தது. இறங்கின கம்பெனிக்காரர் போர்த் தண்ணீரை வாயில் விட்டுத் துப்பினார். அப்படியே போய்விட்டார். வேறு யாரும் வரவில்லை.

கடைசியில் எழும்பியது ஒரு தகரக் கொட்டகை. அது யாருடையது? மச்சினனுடையது. உர மூட்டை அடுக்குகிற குடோன். சர்க்கார் போட்ட ரோடு, சர்க்கார் இழுத்த கரண்டு, குடோன் அவனுக்கு. அதில் வாட்ச்மேன் வேலை ஒன்று இருந்தது. அதையும் மச்சினன் தன் பெண்டாட்டி வழி ஆள் ஒருத்தனுக்குக் கொடுத்தான்.

ஜெயக்கொடி ஊர்க்கூட்டத்தில் எழுந்தாள். "அண்ணே, மொத வேலை வந்துருச்சு. அது என் மகனுக்குன்னு சூடம் அணைச்சீங்க."

கருத்தக்கண்ணன் சிரித்தான். "அணைச்சேன் தங்கச்சி. ஆனா எங்க அணைச்சேன்? காலையில பிடிமண் எடுத்தாச்சு. சாமி கண்மாய்க்கரைக்குப் போயிருச்சு. வெறுந்தரையில அணைச்சதுக்குப் பேரு சத்தியமா? வெளக்கணைக்கிறதும் அதுவும் ஒண்ணுதான். வேணும்னா விருமாண்டியக் கேளு."

விருமாண்டி தலையைச் சொறிந்தார். "மொறைப்படி பாத்தா... அந்த நேரம் சாமி அங்கன இல்லத்தான்" என்றார்.

கூட்டத்தில் இருந்த அம்புட்டு ஆம்பளையும் தலையாட்டினான். மீசை மட்டும் முழத்துக்கு. சாமியையே சாட்சியிலிருந்து தள்ளிவிட்டவனைப் பார்த்து, ஆமாம் முறைதான் என்று ஆட்டினார்கள். மாடாவது தண்ணீர் தொட்டியைப் பார்த்துத்தான் தலையாட்டும்.

காசிமாயன் அதே இரும்புப் பெட்டியோடு வடக்கே போனான். பஸ் போன திசையைப் பார்த்து அவள் அழவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"மதினி, ஒரு மஞ்சத்துணி குடுங்க."

"எதுக்குடி?"

"பிடிமண் எடுக்கணும்."

பொம்பளை பிடிமண் எடுக்கிற வழக்கம் கிடையாது. எனக்கும் பயம்தான். ஆனாலும் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பட்டப்பகலில் செம்பும் வேப்பிலையுமாகப் பின்னால் போனேன். கண்மாய்க்கரையில் நின்று, "கருப்பா, ஒன்னய வச்சு ஏமாத்திட்டாங்க. எந்திரிச்சு வா" என்றாள். உத்தரவு கேட்ட மாதிரியே இல்லை, பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. மண்ணை அள்ளி முடிந்துகொண்டு நேரே மந்தைக்கு நடந்தாள். அந்த அடிக்கல்லின் அடியில் வைத்தாள். கல் முழுக்க மஞ்சளை அப்பினாள், குங்குமம் வைத்தாள். அதில் எந்த மந்திரி பேர் வெட்டியிருந்ததோ எனக்குப் படிக்கத் தெரியாது. மஞ்சள் பூசிய பிறகு தெரிந்தவர்களுக்கும் தெரியாது.

ஊர் திட்டியது. ஆனால் கல்லில் கைவைக்க ஒருத்தனுக்கும் துணிச்சல் இல்லை.

அடுத்த வருஷம் இன்னொரு மானியம் வருவதாகச் சொன்னார்கள். சுற்றுச்சுவரும் தெருவிளக்கும் போட. யாருக்குச் சுவர், எந்தக் கம்பெனிக்கு விளக்கு? மச்சினன் குடோனுக்குத்தான். ஹாலாஸ்யம் மறுபடி ஜீப்பில் வந்தார். மஞ்சள் கல்லைப் பார்த்தார்.

"கோயில் இல்லேன்னு எழுதிக் குடுத்திருக்கேனே ஐயா" என்றார் பாவமாக.

"ஒரு பிடிமண்ணுதான, இப்பவே எடுத்துருவோம்" என்றான் பிரசிடெண்ட். விருமாண்டியும் வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

ஜெயக்கொடி தட்டில் சூடத்தை ஏற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"தாராளமா எடுங்க. அதுக்கு முன்னால அண்ணன் அதே வாக்கச் சொல்லி இத ஒருதரம் அணைக்கட்டும். அன்னைக்குச் சாமி இல்லாம அணைச்சாரு. இன்னைக்கு இருக்கு. மண்ணு எடுக்கிறதுக்கு முந்தியே அணைக்கச் சொல்றேன். மொறைதான மாமா?"

விருமாண்டியால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. கருத்தக்கண்ணன் கையைத் தூக்கினான். சூடத்துக்கு மேலே ஒரு சாண் வரை கொண்டுபோனான். அந்தக் கை அங்கேயே நின்றது. பிறகு அதே கையால் துண்டை உதறித் தோளில் போட்டான்.

"பொம்பள பேச்சக் கேட்டுக்கிட்டு... ஆபீசருக்கு நேரமாகுது. இன்னொரு நாள் பாப்போம்."

சூடம் தானாக எரிந்து முடிந்தது. தட்டில் கரிதான் மிச்சம்.

இன்னொரு நாள் வரவில்லை. மானியம் வேறு ஊருக்குப் போனது. அங்கே எந்த மச்சினன் வாங்கினானோ. எங்கள் ஆம்பளைகள், வந்த லட்சுமியை எட்டி உதைத்துவிட்டாள் என்று இன்றும் அவளைத்தான் ஏசுகிறார்கள். அவள் ஏக்கரில் கிராவல் கிடக்கிறது. விதை போட்டாலும் முளைக்காது. காசிமாயன் எண்ணெய்ச் சட்டி முன்னால்தான் நிற்கிறான்.

பிரசிடெண்ட் மட்டும் குடோனுக்குப் போக, அந்த மஞ்சள் கல்லைத் தாண்டுகிற புது ரோட்டில் வருவதில்லை. கண்மாய்க்கரையைச் சுற்றிப் போகிறான். அதைக் கவனித்துவிட்டு விருமாண்டி ஒருநாள் ஜெயக்கொடியிடம் வந்தார்.

"ஏத்தா, பொம்பள எடுத்த மண்ணு. நெசமாவே சாமி திரும்பி வந்துருச்சுங்கிறியா?"

ஜெயக்கொடி ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"என்னய ஏன் மாமா கேக்குறீக? அன்னைக்குப் பாதியில நின்னுச்சே, பிரசிடெண்டு கை, அதப் போயிக் கேளுங்க."